புவஸ்ஸாவின் வலது கால்

தாளம் ஒரு இம்மி பிசகினாலும் இல்ஹாமுக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது. கம்ப்யூட்டரில் குவாண்டைஸ் பொத்தானை அமுக்குவாள்; முந்தின தட்டு, பிந்தின தட்டு எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு கட்டத்துக்குள் போய் உட்காரும். காசபிளாங்காவில் பாதிக் கல்யாணம் என் தாளத்தில்தான் என்று பீற்றிக்கொண்டு திரிந்தாள். உண்மையில் இதுதான் முதல் கல்யாணம்.

அதுவும் மணப்பெண் அலங்காரக்காரி லல்லா ஸுபைதாவுக்கும் மேளக்காரர்களுக்கும் சண்டை வந்ததால் கிடைத்தது. பெண்ணை அம்மாரியாப் பல்லக்கில் உட்காரவைத்து, லல்லாவின் ஆட்கள் நாலு பேர் தோளில் தூக்கி ஆடிக்கொண்டே வரவேண்டும். ஒத்திகையில் பெண்ணுக்குப் பதில் ரவை மூட்டை. இல்ஹாமின் தாளத்துக்குப் பத்தடிகூட நடக்கவில்லை, மூட்டை சரிந்து லல்லாவின் செருப்பெல்லாம் ரவை.

"எல்லாம் புவஸ்ஸாவால வந்தது," என்றாள் லல்லா, தூக்கினவர்களில் ஒருவனைக் காட்டி. "அவனுக்கு வலது கால் குட்டை. வேற ஆளைப் போட்டுக்கறேன்."

புவஸ்ஸாவின் முகம் சுண்டிப்போயிற்று. "இருபது வருஷமாத் தூக்கறேன், ஒரு பொண்ணு விழுந்ததில்ல. இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்குத்தான் ஆடத் தெரியல."

இல்ஹாமுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் யாரோ போனில் எடுத்த பழைய கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு இரண்டாவது தட்டும் நூலளவு தாமதம், சரியாக புவஸ்ஸாவின் வலது கால் தரையைத் தொடும்போது. படுபாவி மேளக்காரர்கள், இருபது வருஷமாக அவனுக்காகக் காத்திருந்து வாசித்திருக்கிறார்கள், ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வீடியோவிலிருந்து தாளத்தை உரித்தெடுக்க முடியாது, ஒரே குலவைச் சத்தம். அவனிடமே கேட்கவும் முடியாது. காலைப் பற்றிப் பேசினால் கடித்துவிடுவான்.

மறுநாள் காலை அவனை வீட்டுக்குக் கூப்பிட்டாள். "அண்ணே, இந்த கேஸ் சிலிண்டரை வராந்தாவோட அந்தக் கோடியில வச்சிடுங்களேன்."

வைத்தான். "இல்லண்ணே, இந்தக் கோடியே தேவல." திரும்பத் தூக்கி வந்தான். "அங்கயே இருந்திருக்கலாமோ?"

"உனக்குக் கிறுக்கா, பொண்ணே?" என்றான். ஆனாலும் தூக்கினான். பூந்தொட்டிக்குள் ஒளிந்திருந்த போன் ஒவ்வொரு அடியையும் பதிந்துகொண்டது.

கம்ப்யூட்டரில் நேர்க்கட்டத்தை அழித்துவிட்டு, புவஸ்ஸாவின் நடையையே கட்டமாக வைத்தாள். இப்போது பொத்தானை அமுக்கினால் எல்லாத் தட்டும் அவன் காலடிக்கு வந்து உட்கார்ந்தது. பிறகு லல்லாவிடம் போய், "புவஸ்ஸா அண்ணன் இல்லன்னா என் பாட்டும் இல்ல," என்று சொல்லிவிட்டாள். பெண் விழுந்தால் அவனோடு சேர்ந்து தன் பிழைப்பும் போச்சு.

கல்யாண மண்டபத்தில் பாட்டு எழுந்தது. அம்மாரியா தண்ணீரில் மிதக்கிற மாதிரி வந்தது. பெண்ணின் கிரீடம்கூட அசையவில்லை. குலவை கூரையைப் பிளந்தது.

பெண்ணை இறக்கியதும் புவஸ்ஸா அவளருகே வந்தான். "காலி சிலிண்டரைக் குடுத்திருக்கலாம் நீ."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் லல்லா வாயெல்லாம் பல்லாக வந்து சேர்ந்தாள். "புவஸ்ஸா, இன்னைக்குத்தான்பா உன் கால் நேரா நடந்துச்சு."

"என் கால் என்னைக்கும் போலத்தான் லல்லா," என்றான் அவன். "கூடத் தூக்கின இவனுங்க மூணு பேரும்தான் நொண்டினானுங்க. பின்னாடியே வந்த நீங்களும்தான்."