கோணார்க் சக்கரங்கள்

ஏழாம் வகுப்பில் மஹ்ஜபீனும் கோகிலவாணியும் ஒரே பெஞ்சு. மஹ்ஜபீனின் அத்தா ஜாபர் தியாகதுருகத்தில் துணிக்கடை வைத்திருந்தார். கோகிலவாணியின் அப்பா கொளஞ்சியப்பனும் அம்மா சாலம்மாளும் கூலிக்குக் களை எடுக்கப் போகிறவர்கள்.

எண்பத்தேழாம் வருஷம். நினைவுச் சின்னம் ஏதாவது ஒன்றைப் பற்றிப் படித்து, மாதிரி செய்து கொண்டுவரச் சொன்னார் வரலாற்று ஆசிரியர் தெய்வசிகாமணி. வகுப்பில் பாதிப்பேர் தாஜ்மகாலை எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் கோணார்க் சூரியன் கோயிலை எடுத்தார்கள்.

குதிரைகள் பூட்டிய கல்தேர் போலிருந்த அந்தக் கோயிலின் படத்தைப் பார்த்ததும் கோகிலவாணி எழுந்து கேட்டாள். "சார், இந்தக் குதிரைங்க கோயில எங்க இழுத்துகினு போவுது?"

வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. "அதையும் படிச்சிட்டு வந்து நீயே சொல்லு" என்றார்.

துணிக்கடை அட்டைப்பெட்டிகளை வெட்டி மஹ்ஜபீன் கோயிலைக் கட்டினாள். ஏரிக்களிமண்ணில் கோகிலவாணி சக்கரங்கள் செய்தாள். நிறைமாதமாக இருந்த சாலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, ஈர்க்குச்சியால் ஆரங்களைக் கீறிக்கொடுத்தாள்.

செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. சாலை நெடுக புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை. பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். அந்த வாரம்தான் சாலம்மாளுக்கு வலி எடுத்தது. விடிந்தும் பிள்ளை பிறக்கவில்லை. உதிரம் மட்டும் நிற்காமல் போனது.

கொளஞ்சியப்பன் மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டார். கோகிலவாணி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் மரத்தண்டை வண்டி நின்றது. மறியலுக்கு நின்றவர்களில் ஒருவர் எட்டிப்பார்த்துவிட்டு, "ஐயோ, பொம்பளடா! தூக்குங்கடா!" என்று கத்தினார். அவர்களே ஒரு கட்டிலைக் கொண்டுவந்து, மரத்துக்கு மரம் ஏறி இறங்கிச் சுமந்தார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரி போய்ச்சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. பிள்ளை பிழைத்தது. சாலம்மாள் பிழைக்கவில்லை.

பள்ளி திறந்தபோது கோகிலவாணி வரவில்லை. வாத்தியார் வீடுதேடிப் போனார்.

"நான் வேலைக்குப் போனாத்தான் சார் கஞ்சி. கொழந்தைய யாரு பாக்கறது?" என்றார் கொளஞ்சியப்பன்.

கள்ளக்குறிச்சியில் நடந்த பள்ளிகளின் கண்காட்சிக்கு மாதிரியை எடுத்துக்கொண்டு மஹ்ஜபீன் தனியாகத்தான் போனாள். மாதிரிக்கு மூன்றாம் பரிசு. வந்ததும் நேராகக் கோகிலவாணியின் வீட்டுக்கு ஓடினாள். அவள் தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பரிசு குடுத்தவங்க இன்னா கேட்டாங்க?" என்றாள் கோகிலவாணி.

"கோயிலுக்குள்ள ஏன் யாரும் போவ முடியாதுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல, புள்ள."

"அதான் படிச்சமே! பெரிய கோபுரம் இடிஞ்சி வுழுந்துட்ச்சி இல்ல? மிச்சமும் வுழாம இருக்கறதுக்கு உள்ள மணல ரொப்பி வாசல அடைச்சிட்டாங்க." சொல்லும்போது அவள் முகம் வகுப்பில் பதில் சொல்கிற முகமாக இருந்தது.

"நாளைக்கு வாடி. சாரே கூப்புட்டாரு. தம்பியயும் தூக்கினு வா."

கோகிலவாணி வாயைத் திறப்பதற்குள் குழந்தை வீறிட்டது. "பசிக்குதுடி அதுக்கு" என்று உள்ளே போனாள். மஹ்ஜபீன் வாசலிலேயே நின்றாள். உள்ளே பால் ஆற்றும் சத்தம் கேட்டது. நெடுநேரமாகியும் கோகிலவாணி வெளியே வரவில்லை.

மறுநாள் பள்ளிக்கும் அவள் வரவில்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு, மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போன அப்பாவோடு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் போய்விட்டாள்.