பெரிய எழுத்துக் கதைப்புத்தகம்

குரும்பலூருக்குப் பக்கத்தில் இருந்த அந்த உயர்நிலைப்பள்ளியில் நூலகத்துக்கென்று தனி ஆள் கிடையாது. அறிவியல் ஆசிரியை அமிர்தவல்லிதான் அதையும் பார்த்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் நாலு மர அலமாரியும் இரண்டு நீள பெஞ்சும் போட்டிருந்தார்கள். அதுதான் நூலகம்.

2006-ஆம் வருடம் ஏழாம் வகுப்பில் சிவரஞ்சனி என்று ஒரு பெண் படித்தாள். நூலக வகுப்பில் எல்லாரும் அடித்துப் பிடித்துப் புத்தகம் எடுக்கும்போது அவள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். புத்தகத்தைத் திறப்பாள், ஆனால் படிக்க மாட்டாள். மணி அடித்ததும் முதல் ஆளாகத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

ஒரு நாள் அமிர்தவல்லி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இந்தக் கதை பிடிக்கலையா பாப்பா?"

"எழுத்து தெரியல டீச்சர். மூக்குல ஒட்டி வச்சாத்தான் கொஞ்சம் தெரியும். வாசனதான் நல்லா வருது."

கேலியாக அல்ல, உள்ளதைத்தான் சொன்னாள்.

அவளுடைய வகுப்பாசிரியர் மணிவேலுக்கு விஷயம் முன்பே தெரியும். திருச்சியில் காட்டியிருக்கிறார்கள்; கண்ணாடி போட்டாலும் பார்வை இதற்கு மேல் தெளியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"முன் பெஞ்சுலதான் உக்கார வச்சிருக்கேன் டீச்சர். காதால கேட்டே எல்லாத்தையும் புடிச்சிக்குது. கெட்டிக்காரப் புள்ள. பாஸ் பண்ணிடும்" என்றார் மணிவேல்.

"பாஸ் பண்ணிடும் சார். ஆனா அதுவா ஒரு கதையைப் படிக்க வேணாமா?"

மணிவேல் நல்ல மனுஷர். வேண்டும்தான் என்று ஒத்துக்கொண்டார்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய கோடை விடுமுறையில்தான் அமிர்தவல்லி பெரம்பலூரில் ஆசிரியர்களுக்கு நடந்த கணினிப் பயிற்சிக்குப் போய், மவுஸ் பிடிக்கவும் இணையத்தில் தேடவும் கற்றுக்கொண்டிருந்தார். அந்த வாரச் சனிக்கிழமை பஸ் ஏறி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மணிவண்ணன் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போனார். பார்வை குறைந்த பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று தெரிந்த ஆங்கிலத்தில் தட்டித் தேடினார்.

உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஆசிரியர்கள் இதைப் பற்றி எழுதி வைத்திருந்தார்கள். எழுத்தைத் தடிமனாகப் போட வேண்டும், பளபளக்கும் தாள் கூடாது, வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும், புத்தகத்தைச் சாய்த்து வைக்க ஒரு பலகை வேண்டும். அகராதி இல்லாமலே அமிர்தவல்லிக்குப் பாதி புரிந்தது. மீதியை எழுதிக்கொண்டு போய் ஆங்கில ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டார்.

தமிழ்க் கதைகளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்த ஒரு தளம் கண்ணில் பட்டது. திறந்தால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது.

"எழுத்துரு இல்லைங்க டீச்சர். இந்த மிஷின்ல தமிழ் வராது" என்றார் மணிவண்ணன்.

தளத்தின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. அமிர்தவல்லி ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி, ஒரு பிள்ளைக்காகக் கேட்கிறேன் என்று அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் யாரோ ஒருவர் எழுத்துருவை எங்கே இறக்குவது, எப்படிப் போடுவது என்று ஒவ்வொன்றாக விளக்கியிருந்தார். கடைசியில், 'அந்தப் பிள்ளைக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும்?' என்று கேட்டிருந்தார். மணிவண்ணனும் அமிர்தவல்லியும் அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து கட்டங்களைத் தமிழாக மாற்றினார்கள். நாட்டுப்புறக் கதைகள் சிலவற்றைத் தேர்ந்து, எழுத்தைப் பெரிதாக்கி அகலமான தாளில் அச்செடுத்தார்கள்.

திங்கட்கிழமை அந்தத் தாள் கட்டை வகுப்பிலேயே சிவரஞ்சனியிடம் கொடுத்தார் அமிர்தவல்லி. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒண்ணாப்பு புத்தகம்டி" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு கிளம்பியது.

சாயங்காலம் சிவரஞ்சனி கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"எனக்கு வேணாம் டீச்சர்."

"எழுத்து தெரியலையா?"

"தெரியுது. வேணாம்."

அமிர்தவல்லிக்கு முகம் வாடிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே நினைப்பு. அந்த ஆங்கிலப் பக்கங்களில் ஒரு வரி இருந்தது: எதைச் செய்வதற்கு முன்னும் பிள்ளையைக் கேளுங்கள். சிங்கப்பூர்க்காரர்கூடக் கேட்டிருந்தார். பக்கத்திலேயே இருக்கும் நமக்குத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சிவரஞ்சனியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எப்படி இருந்தா நீ எடுத்துட்டுப் போவே? நீயே சொல்லு."

அவள் கைகளை அகல விரித்துக் காட்டினாள்.

"இம்மாம் பெரிய தாளா இருக்கக் கூடாது. மத்த புக்கு மாதிரி அட்டை போட்டு, நம்பர் ஒட்டி, அலமாரில இருக்கணும். நான் வந்து எடுத்துக்குவேன். நீங்க கொண்டாந்து குடுக்கக் கூடாது."

"சரி."

"அப்பறம் எல்லாரும் எடுக்கலாம்னு சொல்லிடுங்க."

அமிர்தவல்லி தாள்களைச் சின்ன அளவில் திரும்ப அச்செடுத்தார். பக்கங்கள் கூடிப்போனதால் கதைகளை மூன்று புத்தகமாகப் பிரித்து பைண்டிங் செய்து, பழுப்பு அட்டை போட்டு, எண் ஒட்டி, மற்ற கதைப்புத்தகங்களுக்கு நடுவில் செருகினார். சாய்வுப் பலகையை மணிவேல் தன் மச்சான் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டு வந்தார்.

அடுத்த நூலக வகுப்பில் சிவரஞ்சனி அலமாரிக்கு நேராகப் போனாள். முதுகில் ஜன்னல் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து, பலகையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்தாள். விரலை வரியில் வைத்து மெல்ல நகர்த்தினாள். விருந்தாளிக்குப் பயந்து பரணில் ஏறி ஒளிந்துகொண்ட ஒரு கஞ்சனின் கதை அது. விருந்தாளி போய்விட்டான் என்று நம்பிக் குதித்தவன், அவன் மேலேயே போய் விழுகிறான்.

சத்தமில்லாத அறையில் சிவரஞ்சனி களுக்கென்று சிரித்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பச் சிரித்தாள். வாசலில் நின்ற மணிவேல் உள்ளே வரவில்லை. அமிர்தவல்லி அலமாரிப் பக்கம் திரும்பி, ஒழுங்காக இருந்த புத்தகங்களையே ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"என்னாடி சொல்லு" என்று பக்கத்துப் பெண் கேட்டாள்.

"நீயே படிச்சிக்க. நான் முடிச்சிட்டுத் தரேன்."

அதன்பின் அந்த மூன்று புத்தகங்களும் அலமாரியில் தங்கவே இல்லை. ஒரு தடவை மூன்றாவது புத்தகத்தைக் காணோம் என்று தேடினால் அது ஆசிரியர் அறையில் மணிவேல் கையில் இருந்தது. அவருக்கு நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. கண்ணாடி போட மனசில்லை.

"சார், அடுத்து எனக்குங்க" என்று வாசலில் வந்து நின்றாள் சிவரஞ்சனி.

"இன்னும் ரெண்டு கதை இருக்கு பாப்பா. நாளைக்குத் தந்துடறேன்."

மூன்றும் முடிந்து அவள் அடுத்ததைக் கேட்டபோது, எதை அச்செடுப்பது என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று அமிர்தவல்லி முடிவு செய்தார். சின்ன வெங்காயம் ஆயும் வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவளுடைய அம்மா மருதாயியும் பெரம்பலூருக்குக் கூட வந்தாள். மணிவண்ணன் எழுத்தைப் பெரிதாக்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். சிவரஞ்சனி பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். கடைசியில் ஒரே ஒரு எழுத்து திரை முழுக்க நின்றது.

"டீச்சர், 'ழ'வுக்குக் கீழ இப்படி ஒரு சுழி இருக்குங்களா? நான் இம்புட்டு நாளும் கோடு மட்டும்தான்னு நெனச்சேன்."

மருதாயி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எங்க, தள்ளிக்க. நானும் பாக்குறேன்" என்றாள்.

சிவரஞ்சனி நாற்காலியில் பாதி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.