அவனும் கும்பிட்டான்

கல்யாணமான அடுத்த வருடமே, சாரத்திலிருந்து விழுந்த பெயிண்டருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு அற்றுப்போனது. அன்றிலிருந்து அவன் மனைவிக்கு அந்த ஒற்றை அறையே உலகமாகிவிட்டது. அவனைப் புரட்டிப் படுக்க வைப்பதும், முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவதுமாகப் பொழுது கழிந்தது. கடைக்குப் போனாலும் மனசு வீட்டிலேயே கிடந்து அடித்துக்கொள்ளும்.

முன்பெல்லாம் கடவுளைக் கும்பிடுவது அவள் வேலை, கேலி பண்ணுவது அவன் வேலை. இப்போது அவள் கும்பிடுவதையே விட்டுவிட்டாள்.

ஒரு மதியம் அவளுடைய அக்கா வந்து, "இப்படியே கிடந்து சாகப்போறியா? என்னோட வந்துடு" என்றாள். கீழே இறங்கி அக்காவை வழியனுப்பியவள், தெருவிலேயே நின்றாள். அப்படியே நடந்து போய்விடலாம் போலிருந்தது.

"என்னை ஏன் இப்படிக் கட்டிப்போட்டே?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டாள். அவனைப் புரட்டும் நேரமாகிவிட்டதால் மாடியேறினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கும்பிட்டுப் பழக்கமில்ல. தப்பா எடுத்துக்காதே. என் காலை நான் கேக்கல. அவ போகணும்னா போகட்டும். எங்க இருந்தாலும் அவளைக் கைவிட்டுடாதே."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அக்கா போயாச்சா?"

"போயாச்சு. கையைக் கழுத்துல போடு, புரட்டணும்."

அறை அதே அறைதான், அவன் கால் அசையவுமில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவள் வெகு நாளைக்குப் பிறகு கண்ணை மூடி உட்கார்ந்தாள். கேட்க ஒன்றும் வரவில்லை.

"எனக்கு வழி தெரியல. நீயே பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள்.