நாற்பத்தொரு சதுரங்கள்

அரைகுறையாகக் கிடக்கும் எதைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும். அடுத்தவர் வீட்டில் திரைச்சீலை கோணலாகத் தொங்கினால்கூட இழுத்து நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். துணி ஆல்டர் செய்யும் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. பெரியதைச் சின்னதாக்குவதும் சின்னதைப் பிரித்துப் பெரிதாக்குவதும்தான் பிழைப்பு. கடையில் எனக்கு ‘டேப்பு’ என்று பெயர். அளவு டேப் எப்போதும் கழுத்தில் தொங்குவதால்தான் என்று நான் சொல்லிக்கொள்வேன். பார்த்த மாத்திரத்தில் எல்லாரிடமும் குறை கண்டுபிடிப்பதால் என்பாள் என் தங்கை.

அவளை வீட்டில் சின்னவள் என்போம். என்னைவிட ஒன்பது வயது இளையவள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது, கல்யாணம் பண்ணிக் கொடுத்தது எல்லாம் நான்தான். அதனால் அவள் விஷயத்தில் மூக்கை நுழைக்க எனக்குப் பட்டா எழுதிக் கொடுத்திருப்பதாக ஒரு நினைப்பு. ஏழாம் வகுப்பில் அவள் கைக்குட்டையில் ஒரு பூ தைத்தாள். பூவா அது, மிதிபட்ட தவளை மாதிரி இருந்தது. அவள் தூங்கிய பிறகு பிரித்து நானே தைத்து வைத்தேன். டீச்சர் பாராட்டினார். சின்னவள் வீட்டுக்கு வந்து அழுதாள், மூன்று நாள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன். அவள் வேலையில் கை வைக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளவில்லை, அவளுக்குத் தெரியாமல் கை வைக்கக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு முறை அவளுக்குக் குழந்தை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. மூன்றாவது ஏழாம் மாதத்தைத் தொட்டபோது நாங்கள் வாய்விட்டுச் சந்தோஷப்படக்கூடப் பயந்தோம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, முப்பத்தாறு வாரம் வரை இழுத்துப் பிடித்தால் போதும் என்றார் டாக்டர். அவள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் கணவர் லாரி ஓட்டுபவர். போனால் பத்து நாள். காலையில் ஒரு தடவை, கடை விட்டு ஒரு தடவை, சாப்பாட்டு டப்பாவோடு நான் மாடி ஏறினேன்.

ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு நர்ஸ் அட்டை கொடுத்திருந்தாள். மதியம் சாப்பிட்டதும் இடது பக்கம் சாய்ந்து படுத்து, இரண்டு மணி நேரம் குழந்தையின் உதையை எண்ணி அதில் எழுத வேண்டும். பத்துக்குக் கீழே போனால் உடனே போன் செய்ய வேண்டும். அட்டை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில் தொங்கியது. வெள்ளை வெளேரென்று.

“ஏண்டி, இதுல ஒரு கோடு இழுக்கக்கூட உனக்கு வலிக்குதா?”

“எண்ணிக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்.”

“எங்க எண்ணுற? காத்துலயா?”

சிரித்தாள். “எண்ணுறேன்னு சொல்றேன்ல. விடேன்.”

விட்டேன். வாழ்க்கையில் நான் கேள்வி கேட்காமல் விட்ட ஒரே விஷயம் அது.

படுத்துக்கொண்டே மனசைப் போட்டு அரித்துக்கொள்ளக் கூடாதே என்று உல்லன் நூலும் குரோஷா ஊசியும் வாங்கிக் கொடுத்திருந்தேன். குழந்தைக்குப் போர்வை. எங்கள் இருவருக்கும் போடத் தெரிந்தது ஒரே சதுரம்தான். நடுவில் ஒரு வளையம். அதைச் சுற்றி மும்மூன்று பின்னலாகச் சேர்ந்த கொத்துகள். முதல் சுற்றில் நாலு கொத்து, இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் பன்னிரண்டு. ஆக இருபத்து நாலு. உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம் முடிந்துவிடும். தினம் ஒன்று அவள் போட, அதை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் மற்றவற்றோடு இணைப்பதாக ஏற்பாடு. வாரத்துக்கு ஏழு, ஒரு வரிசை. ஆறு வாரத்தில் ஆறு வரிசை, நாற்பத்திரண்டு. சுற்றிலும் சிப்பி மாதிரி வளைந்து வளைந்து போகும் பார்டர், அது என் வேலை. பார்டரை அவளிடம் விட்டால் சிப்பி சிப்பியாக இருக்காது, சப்பையாக இருக்கும்.

ஐந்து வரிசை ஒழுங்காக வந்தது. மஞ்சள், இளம்பச்சை, வெள்ளை. அவள் கை தளர்ந்த கை, என் கை இறுகிய கை. மற்றபடி குறை சொல்ல எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆறாவது வரிசையில் ஞாயிறு, திங்கள், செவ்வாய் சதுரங்கள் முழுசாக இருந்தன. புதன்கிழமை சதுரம் மூன்றாவது சுற்றின் பாதியில் நின்றிருந்தது. நூலை வெட்டி முடிச்சுப் போட்டிருந்தாள். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார்கள், பகலிலும் கண் சொக்குகிறது என்று சொல்லியிருந்தாள். தூங்கிவிட்டாள் போல என்று மீதியை நான் போட்டு முடித்தேன். வியாழக்கிழமை வந்தது இன்னும் சின்னது, இரண்டு சுற்றுதான். வெள்ளிக்கிழமை வந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. ஒரு சுற்று போட்டு, இரண்டாவதில் மூன்று கொத்தோடு நின்றுபோன ஒரு துண்டு. இதை எதோடு இணைப்பது? ஓரம் ஓரத்தோடு பொருந்தினால்தானே போர்வை? சோம்பேறிக் கழுதை என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே அதே மஞ்சள் நூலில் பதினேழு கொத்து போட்டுச் சதுரமாக்கினேன். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் முடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அழகில் எனக்குப் பெருமை வேறு.

சனிக்கிழமை கடை அரை நாள். கடைசிச் சதுரம் மட்டும்தான் பாக்கி, மூலையில். அது வந்ததும் மூடிவிடலாம் என்று பார்டரைக்கூட மூன்று பக்கம் சுற்றி வைத்திருந்தேன். மதியம் சாப்பாட்டோடு போர்வையையும் எடுத்துக்கொண்டு போனேன். சின்னவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கையில் போன்.

“யாருக்கு?”

“கிளினிக்குக்கு. ரெண்டு மூணு நாளா...” என்றவள் போர்வையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். மடியில் வாங்கி விரித்தாள். கடைசி வரிசையை விரலால் தடவிக்கொண்டே போனாள். திரும்பவும் முதலிலிருந்து தடவினாள்.

“அக்கா, இதெல்லாம் நான் போட்டதா?”

“பின்ன, உங்க மாமியாரா வந்து போட்டாங்க?”

“இல்ல... கடைசியில சின்னச் சின்னதா போட்ட மாதிரி இருந்துச்சு.”

அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கைக்குட்டைப் பூ ஞாபகம் வந்தது. இந்த நிலையில் இவளை அழவிட வேண்டாம் என்று நினைத்தேன்.

“அந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டா ஆனையும் பூனையா தெரியும். நல்லாத்தாண்டி போட்டிருக்க. என் கையே தோத்துச்சு போ.”

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இரண்டு நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அதை விட்ட மாதிரி. போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். போர்வையை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு, இன்றைக்குச் சதுரம் அப்புறம் போடுகிறேன், தூக்கம் வருகிறது என்றாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. “அக்கா, அசையவே மாட்டேங்குது.” மூன்று மாடியும் எப்படி ஏறினேன், அவளை எப்படி இறக்கினேன் என்று தெரியாது. போர்வையையும் ஊசியையும் அவள்தான் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். திரையை எங்கள் பக்கமிருந்து திருப்பினார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். பிறகு சொன்னார்கள். சின்னவள் அழவில்லை. எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வலி வருவதற்கு மருந்து ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் பிறந்துவிடும் என்றார்கள். பிறந்துவிடும் என்ற சொல்லைத்தான் சொன்னார்கள்.

வராந்தாவில் டாக்டரை நிறுத்தி, நேற்று மதியம் வந்திருந்தால் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது. “துடிப்பு நேத்து சாயங்காலமோ ராத்திரியோதான் நின்னிருக்கும் போல. மதியம் வந்திருந்தா ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்கலாம். பிழைச்சிருக்குமான்னு உறுதியா சொல்ல முடியாதும்மா” என்றார்.

உள்ளே போனபோது அட்டை கொடுத்த அதே நர்ஸ் கட்டிலோரம் நின்றிருந்தாள்.

“எண்ணி எழுதச் சொல்லியிருந்தேனேம்மா. அட்டை எங்க?”

“அட்டையில எழுதல சிஸ்டர்” என்றாள் சின்னவள். “இதுல இருக்கு.” பையிலிருந்து போர்வையை இழுத்தாள். “ஒரு உதைக்கு ஒரு கொத்து. அது உதைச்சாத்தான் நான் ஊசியை எடுப்பேன். இருபத்து நாலு ஆயிட்டா சதுரம் முடிஞ்சிரும், அன்னைக்குப் போதும்னு விட்டுருவேன். ரெண்டு மணி நேரம் முடிஞ்சும் ஆகலைன்னா, எங்க நிக்குதோ அங்கேயே வெட்டிருவேன்.”

வெள்ளிக்கிழமை நான் போட்ட பதினேழு கொத்து ஞாபகத்துக்கு வந்தது.

நர்ஸ் போர்வையைக் கையில் வாங்கினாள். கடைசி வரிசையின் கடைசிச் சதுரத்தில் விரல் வைத்து எண்ணினாள். அவள் விரல் என் கொத்துகள் மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. “இருபத்து நாலு” என்றாள். அதற்கு முந்தினதை எண்ணினாள். “இதுவும் இருபத்து நாலு. நல்லாத்தானே அசைஞ்சிருக்கு. சில சமயம் திடீர்னு நின்னுரும்மா. உங்க மேல தப்பில்ல.”

“நான்கூட கொறைஞ்சிருச்சுன்னு பயந்தேன் சிஸ்டர். வெள்ளிக்கிழமை ஏழுதான் வந்த மாதிரி இருந்துச்சு. நேத்து போன் பண்ண எடுத்தேன். போர்வையைப் பார்த்தா எல்லாம் முழுசா இருக்கு. மாத்திரை மயக்கத்துல தப்பா நினைச்சிட்டேன்னு...”

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். என்னைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒட்டு தெரியாதபடிதான் முடித்திருந்தேனே. அப்படி நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“அது நான் முடிச்சது” என்றேன்.

சின்னவள் திரும்பினாள். “எது?”

“கடைசி மூணு. பாதியில இருந்துச்சு. நான்தான் போட்டு முடிச்சேன்.”

நர்ஸ் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், போர்வையைக் கட்டிலில் வைத்துவிட்டு மருந்து பாட்டிலைச் சரிபார்க்கப் போனாள்.

“காட்டு” என்றாள் சின்னவள். “நான் எங்க வெட்டியிருந்தேன்?”

வெள்ளிக்கிழமைச் சதுரத்தை எடுத்து, இரண்டாவது சுற்றில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் அந்த இடம் வரைக்கும் எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது.

“ஏழு” என்றாள். “நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்.”

திட்டினால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். “பிரி” என்றாள்.

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பிரித்தேன். அவளுக்கு வலி வந்து வந்து போனது. ஒவ்வொரு தடவையும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என் கையை நீட்டினேன், அதைப் பிடிக்கவில்லை. முதலில் இணைப்பை, பிறகு பார்டரை, பிறகு கொத்து கொத்தாக என் வேலையை உருவினேன். நூல் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. புதன் பாதியானது. வியாழன் சுருங்கியது. வெள்ளி ஒரு பெரிய பொத்தான் அளவுக்கு வந்து நின்றது.

“இப்படியே சேர்த்துக் கொடு.”

“ஓட்டை விழுமேடி.”

“விழட்டும்.”

வெறும் சங்கிலிப் பின்னலை நீள நீளமாக விட்டு அந்த மூன்றையும் தொங்கவிட்டுக் கட்டினேன். மூலை காலியாக இருந்தது. அதைச் சுற்றிப் பார்டரைக் கொண்டுபோனபோது சிப்பிகள் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு கோணின. என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கோணலான வேலை அது. ஒரு கண்ணியைக்கூடச் சரி செய்யவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண் பிறந்தது. தலை நிறைய முடி. மூக்கு எங்கள் அம்மாவுடையது. நர்ஸ் துடைத்துக் கொடுத்ததும் சின்னவளே போர்வையை விரித்து அதைச் சுற்றினாள். காலி மூலை காலுக்கு வந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு பாதம் வெளியே தெரிந்தது. அதை உள்ளே தள்ளி மூட என் கை எழுந்தது. அவள் பார்த்தாள். கையை இறக்கிக்கொண்டேன். அவள் கணவர் வந்து சேர எட்டு மணி ஆயிற்று. அதுவரை அவள் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள்.

இரண்டு வருஷம் ஆகிறது. சின்னவள் என்னோடு சண்டை போடவில்லை, போக்குவரத்தை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் கதவைத் திறக்கிறாள். சாப்பிட்டியா, முட்டிவலி எப்படி இருக்கு, இன்னொரு தோசை வைக்கவா என்று எல்லாம் கேட்கிறாள். போன வாரம் அடுத்த அறையிலிருந்து எதற்கோ என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. அங்கிருந்து கூப்பிடவில்லை, எழுந்து வந்து என் முன்னால் நின்று, “இங்க பாரு” என்றாள். நானும் பார்த்தேன். அக்கா என்று அவள் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது.