வீட்டில் இருமல் இல்லாத ஒருவர்

ஏழு மாதமாகக் கமருன்னிசா மாடி அறையில் தனியாகத்தான் சாப்பிட்டாள். அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு கரண்டி. தம்பி காதர் பாட்சாவின் வீட்டில் பாத்திரத்துக்கா பஞ்சம்? எல்லாம் ஒரு டெஸ்ட் செய்த வேலை.

டி.பி. வந்து, மருந்து சாப்பிட்டுக் குணமானவள் அவள். அப்புறமும் இருமல் விடவில்லை. ஒரு லேபில் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னப் பட்டையில் விட்டார்கள். இரண்டு கோடு விழுந்தது. நுரையீரலில் பூஞ்சை என்றார்கள். அது ஆளுக்கு ஆள் தொற்றாது என்று டாக்டரே சொன்னார். யார் காதில் விழுந்தது? கொரோனா காலத்தில் கறுப்புப் பூஞ்சை என்று கேட்டுக் கிலி பிடித்துப்போன வீடு அது. தம்பி பெண்டாட்டி உம்மு சல்மா மறுநாளே தட்டைப் பிரித்துவிட்டாள். காதர் பாட்சா வாயே திறக்கவில்லை. வாய் என்று ஒன்று இருந்தால்தானே திறப்பதற்கு!

சாப்பாடு மேல்படி வரைக்கும் வரும். "லாத்தா, சாப்புடுங்க" என்று அக்கா முறை வைத்து ஒரு குரல். கதவைத் திறப்பதற்குள் ஆள் இறங்கியிருக்கும். எதிரே யாராவது உட்கார்ந்து உப்புக் குறைச்சல் என்றாவது சொல்ல மாட்டார்களா என்று அவளுக்கு ஏக்கமாக இருக்கும்.

இப்போது சித்திக்காவுக்கு நிக்காஹ். சல்மாவின் மகள்தான், ஆனால் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் கிடந்தது எல்லாம் பிள்ளையில்லாத இந்த மாமி. கல்யாணச் சாப்பாடு சஹனில். ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர், ஒரே சோற்றில் நாலு கை. அந்த நாலு பேரில் ஒருத்தியாக உட்கார வேண்டும். கமருன்னிசாவுக்கு வேறு ஆசையே கிடையாது.

ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆய்வு என்று வந்தபோது அவள் முந்திக்கொண்டு பெயர் கொடுத்ததும் அதனால்தான். ஆராய்வது ஆளை அல்ல, அந்த டெஸ்ட்டை. அது சொல்வது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க வேண்டுமாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வீட்டில் இருமல் இல்லாத ஒருவரும் ரத்தம் தர வேண்டும். சல்மா போனாள். "எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்" என்று கையை நீட்டினாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு முடிவு வந்தது. அறிவுமதி என்கிற லேப் டெக்னீஷியன் கமருன்னிசாவை உட்காரவைத்துச் சொன்னாள்.

"ஒங்களுக்குப் பூஞ்ச நோய் இல்லம்மா. ஸ்கேன், சளி எல்லாம் பாத்துட்டோம். டி.பி. விட்டுட்டுப் போன தழும்புதான் இருமலா வருது."

"அப்ப அந்த ரெண்டு கோடு பொய்யா?"

"பொய்யில்ல. வைக்கோல் தூசி, ஈரச் சுவருன்னு பூஞ்சய எல்லாருந்தான் மூச்சுல இழுக்குறோம். ஒடம்பு அத ஞாபகம் வச்சுக்குது. இந்த டெஸ்ட்டு அந்த ஞாபகத்ததான் பாக்குது. நல்லா இருக்குற நூறு பேருல பதினெட்டுப் பேருக்கு ரெண்டு கோடு வந்துச்சும்மா. நோய் இருக்குறவங்களோட இல்லாதவங்களயும் சேத்து இழுத்துட்டு வருது."

"ஏழு மாசம்மா" என்றாள் கமருன்னிசா. அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

அறிவுமதி ஒட்டிய உறைகள் இரண்டைக் கொடுத்தனுப்பினாள். ஒன்று இவளுடையது, இன்னொன்று சல்மாவுடையது.

கூடத்தில் நின்றபடியே சல்மா தன் உறையைக் கிழித்தாள். முதல் வரி: பூஞ்சை ஆன்டிபாடி, பாசிட்டிவ். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அல்லாவே! எனக்குமா லாத்தா?"

"அடுத்த வரியப் படி புள்ள. நோய் இல்லன்னு போட்டுருக்கு. எனக்கும் அதேதான்."

சல்மா எங்கே படித்தாள்! கமருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஏழு மாதத்தில் அவளை அந்த வீட்டில் ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

"யாருட்டயும் சொல்லிடாதீங்க லாத்தா. ஒங்க காயிதத்தக் காட்டுனா என் காயிதம் எங்கன்னு கேப்பாங்க. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும். முடியிற வரைக்கும் நீங்க மாடியிலயே இருந்துக்குங்க."

அடிப் பாவி என்று வாய்வரைக்கும் வந்தது. சித்திக்காவை நினைத்து விழுங்கிக்கொண்டாள். சல்மா திணித்த காகிதத்தையும் தன்னுடையதையும் இடுப்பில் செருகிக்கொண்டு மாடி ஏறினாள்.

நிக்காஹ் அன்று பகல் கீழே அஞ்சுகறி சோறு மணத்தது. சஹனுக்குச் சஹன் பெண்களின் சிரிப்பும் கேலியும் மாடிவரைக்கும் கேட்டன. தான் இல்லாதது அங்கே யாருக்கும் குறையாகத் தெரியவில்லை என்று கமருன்னிசா நினைத்துக்கொண்டாள்.

படியில் காலடி கேட்டது. இந்தத் தடவை வைத்துவிட்டு இறங்கவில்லை. பட்டுப்புடவையும் வேர்வையுமாகச் சல்மா முழுச் சஹன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தரையில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

கமருன்னிசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கீழ ஒன்னத் தேட மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"அவுங்களோட நா எப்புடி உக்கார்றது? ஒரே சோத்துல கை வச்சா ஒட்டிக்காதா? ஒங்களுக்குன்னா பரவால்ல லாத்தா, ஏற்கெனவே இருக்கு."

சுருக்கென்றது. அறிவுமதி சொன்னதை நிதானமாக எடுத்துச் சொன்னால் சல்மா நம்பிவிடுவாள். நம்பிவிட்டால் எழுந்து கீழே போய்விடுவாள்.

"ஆமா புள்ள" என்றாள் கமருன்னிசா. "நீ இங்கயே சாப்புடு." நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளினாள்.