சண்முகத்தாயின் செல்கள்

1
இந்தக் கதை எனக்குச் சொல்லப்பட்டது. 2009 கடைசியில், மதுரையில் ஒரு புற்றுநோய் ஆய்வகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப் போயிருந்தேன். அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த முத்துப்பேச்சி சொன்னாள். கட்டுரை அச்சாகிவிட்டது, அதில் அவள் அக்காவுக்கு இடமில்லை. அந்த உறுத்தல்தான் இது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘புற்றுநோய் என்பது செல்களின் கட்டுக்கடங்காத...’

வேண்டாம். பேருந்திலிருந்தே தொடங்குகிறேன்.

2
2001. சாத்தூரிலிருந்து சிவகாசிக்குக் காலை ஏழே கால் பேருந்து. அக்கா சண்முகத்தாய் பட்டாசுக் கம்பெனிக்கு, முத்துப்பேச்சி கல்லூரிக்கு. தீபாவளி சீசனில் நிற்கவே இடமிருக்காது. அக்கா சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியே உள்ளே போட்டு இடம் பிடிப்பாள்.

“ஏட்டி, உக்காந்து படி.”

கழுவியும் போகாத அலுமினியப் பொடி நகக்கண்ணில் மினுங்க, கம்பியைப் பிடித்தபடி அக்கா பக்கத்தில் நிற்பாள்.

(அந்தப் பொடிதான் நோய்க்குக் காரணம் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். சான்று இல்லை. முத்துப்பேச்சி மன்னிக்கமாட்டாள்.)

3
2007இல் சண்முகத்தாய்க்கு மார்பில் கட்டி. அறுவை செய்தும் திரும்ப வந்தது. மருத்துவர், சோதனையில் இருந்த ஒரு மருந்தைச் சொன்னார். அதே வகை மருந்தைத்தான் முத்துப்பேச்சி ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொண்டிருந்தாள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அக்கா கேட்டாள். “இது என்ன செய்யும்? எனக்குப் புரியிறாப்புல சொல்லு.”

“செல்லு மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்குக்கா. பஸ்ஸு சீட்டு மாதிரி. வளர்ச்சிக் காரணி அதுல வந்து உக்காந்தா, செல்லுக்கு ‘வளரு’ன்னு உத்தரவு போகும். ஒரே சீட்டுக்கு ரெண்டு மூணு காரணி போட்டி போடும். இந்த மருந்து முந்திப் போயி இடத்தைப் பிடிச்சுக்கிடும்.”

“பையப் போட்டு வைக்கிறாப்புல.”

“ஆமாக்கா.”

“பையத் தூக்கி எறிஞ்சிட்டு உக்காருறவளும் இருப்பாளே?”

முத்துப்பேச்சியின் மூன்று வருட உழைப்பில் தெரிந்ததே அதுதான். ஒரு காரணி அளவுமீறிப் பெருகினால், மருந்தைத் தள்ளிவிட்டு ஏற்பியில் அமர்ந்துவிடும்.

“இருக்கும்க்கா. ஒனக்கு எப்படி ஆகும்னு எனக்குத் தெரியல.”

“தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீதான்ட்டி” என்று சிரித்தபடி சண்முகத்தாய் கையெழுத்துப் போட்டாள்.

4
கட்டி சுருங்கியது. பதினோரு மாதம். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போனாள். மகள் சினேகாவின் சடங்கில் தானே நின்று பந்தி பரிமாறினாள். ஆனைக்குட்டம் அணை நிரம்பியதென்று கேள்விப்பட்டு, தங்கையை இழுத்துக்கொண்டு போய் வெயில் தாழும்வரை தண்ணீரைப் பார்த்திருந்தாள்.

[இங்கேயே முடித்திருக்கலாம். மூன்று பிரதிகளில் அப்படித்தான் முடித்தேன். ஆனால்]

கட்டி திரும்ப வந்தது. ஆராய்ச்சிக்கு அதில் ஒரு துணுக்கு கிடைக்குமா என்று மருத்துவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எடுத்துக்கிடுங்க. எந் தங்கச்சிகிட்டயே குடுங்க.”

தை பிறந்து நாலாம் நாள் இறந்தாள்.

5
கண்ணாடித் தட்டில் அந்தச் செல்கள் வளர்ந்தன. இரண்டு நாளுக்கொருமுறை அவற்றுக்கு உணவு மாற்ற வேண்டும்; அதில் வளர்ச்சிக் காரணியும் கலந்திருக்கும். அக்காவைக் கொன்றதைத் தன் கையாலேயே ஊட்டி வளர்த்தாள் முத்துப்பேச்சி. அக்கா சந்தேகப்பட்டது சரி என்று உறுதியானது: இன்னொரு காரணி மருந்தைத் தள்ளியிருந்தது.

நான் போயிருந்த அன்று, வேலை முடிந்தது, தட்டுகளை அழித்துவிடலாம் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார்.

அழித்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். உறைய வைத்துப் பாதுகாத்தாள் என்று இன்னொன்று. இரண்டும் பொய். நான் பார்த்தது இவ்வளவுதான்: நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினாள்.

“பாருங்க, இன்னும் உசுரோட இருக்கா.” பிறகு திருத்திக்கொண்டாள். “இருக்குது.”

தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள். “நீங்களா இருந்தா என்ன செய்வீக?”

வாசிக்கிற நீங்களே சொல்லுங்கள். அவள் கையில் தட்டு இருக்கிறது.