உதைத்தால் நல்லது

என் வீட்டுக்காரர் மாதவராஜ் குடியை விடுகிறேன் என்று தானாக வாயைத் திறந்து சொன்னதற்குக் காரணம் நான் இல்லை. பதினெட்டு வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் காற்றோடு போயிற்று. நல்லம்பள்ளியில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனவர், போதையில் அடுத்த தெருவில் யாரோ வீட்டுக் காதுகுத்தில் நுழைந்து, இரண்டு பந்திக்கு ரசம் ஊற்றியிருக்கிறார். சாப்பிட உட்கார்ந்த தாய்மாமனையே அடுத்த பந்திக்கு வாருங்கள் என்று எழுப்பிவிட்டிருக்கிறார். குடும்பப் போட்டோவில் நடுவில் வேறு நிற்கிறார். ஊரே வாட்ஸ்அப்பில் பார்த்துச் சிரித்த பிறகுதான் மனுஷனுக்கு வெட்கம் வந்தது.

தர்மபுரியில் குடி நிறுத்த வைத்தியம் பார்க்கும் டாக்டர் சுசித்ராவிடம் கூட்டிப் போனேன். கை நடுக்கம், வலிப்பு, தூக்கம் என்று எல்லாம் விசாரித்துச் சோதித்துவிட்டு, இவருக்கு இரண்டு வழியுமே ஒத்துவரும் என்றார். மூன்று வாரம் இங்கேயே சேர்ந்து இருப்பது ஒன்று. வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டு, வாரம் இரண்டு முறை வந்து போவது இன்னொன்று. வீட்டில் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். சத்தியமாக இல்லை என்றார் இவர். தவிட்டு டின்னுக்குள் இருக்கிறது என்றேன் நான்.

"வூட்ல இருந்தே பாத்துக்கறேங்க" என்றார் இவர். "எங்க மாடு என்னைத் தவிர யாருக்கும் பால் குடுக்காது."

அது உண்மைதான். வேறு யார் கறக்க உட்கார்ந்தாலும் எங்கள் வெள்ளச்சி உதைப்பாள். ஆனால் எனக்கு இவரைச் சேர்த்துவிடத்தான் ஆசை. மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது ஒரு காரணம், ஒளிப்பானேன். இன்னொன்று பயம். இவர் எதையும் ஒரே ஒரு தடவைதான் செய்து பார்ப்பார். கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் போட்டுவிட்டு, சரிப்படவில்லை என்று பீரோவில் வைத்தவர் இன்றுவரை எடுக்கவில்லை. வைத்தியத்தையும் அப்படித் தூக்கி வைத்துவிட்டால் அப்புறம் எனக்கு விடிவே கிடையாது.

ஒரு வாரம் வீட்டிலிருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், நடுக்கம் அதிகமானால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். "நடுவுல குடிச்சிட்டாகூட மறைக்காம வந்து சொல்லுங்க. சொல்ற ஆளுக்குத்தான் வீட்ல இருந்து பாக்கற வைத்தியம் சரிப்படும்."

வந்ததும் பாட்டிலைக் கொட்டினேன். அடுத்து, மாட்டைக் காட்டி இவர் சொன்ன சாக்கை உடைக்கக் கிளம்பினேன். புருஷன் ஊரில் இல்லாதபோது அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பால் கறப்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் வழக்கம். நானும் சோப்புப் போட்டுப் பளிச்சென்று துவைத்த சட்டையை மாட்டி, லுங்கி கட்டி, தலைப்பாகையும் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். வெள்ளச்சி என்னை மேலும் கீழும் மோந்து பார்த்தாள். உதைத்தாள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மூன்று நாள்தான். நான்காம் நாள், மாத்திரையும் மோருமாக இருந்த மனுஷன் போய் உட்கார, அவரையும் உதைத்தாள். வாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். "மாடு வந்து ஆறு வருஷமாச்சு. அந்த நாத்தம் இல்லாம உன் வூட்டுக்காரரை அது எப்ப பாத்துச்சு?"

காதுகுத்துக்குப் போட்டுப் போன சட்டை துவைக்காமல் மூலையில் கிடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை மாட்டிப் போனேன். வெள்ளச்சி அசையாமல் நின்று மூன்று லிட்டர் கொடுத்தாள்.

இவருக்கு ரோஷம். ஆறு வருஷம் தீவனம் போட்டவனை உதைப்பதா என்று இரண்டு வேளையும் முதலில் அவரே உட்காருவார், உதை வாங்குவார், அப்புறம் நான் அந்தச் சட்டையோடு போவேன். ஒவ்வொரு உதைக்கும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

புதன்கிழமை மாரண்டஹள்ளி மண்டிக்குத் தக்காளி கொண்டு போனவர், சாயங்காலம் ஏலக்காய் மென்றுகொண்டு வந்தார். நேராகக் கொட்டகைக்குப் போனார். வெள்ளச்சி ஆசையாக அவர் கையை நக்கிவிட்டு முழுப் பாலையும் கொடுத்தாள்.

மாடு பழகிவிட்டது என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எனக்குச் சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. வைத்தியமும் பீரோவுக்குப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர், வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்டார். பொய் வரப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நேத்து மண்டில ஒரு குவாட்டர் குடிச்சிட்டேங்க" என்றார் இவர். "இவகிட்டயும் மறைச்சேன். மாடு காட்டிக் குடுத்துடுச்சு. என்னை இங்கயே சேத்துக்கோங்க."

பதினெட்டு வருஷத்தில் நான் கேட்காமல் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சேர்க்க வேண்டாம், வீட்டுக்கே கூட்டிப் போகிறேன் என்றேன். மாட்டேன் என்றவர் சேர்க்கச் சொல்ல, சேர்க்கச் சொன்னவள் வேண்டாம் என்று நிற்க, டாக்டர் பேனாவை மூடிவிட்டு, இருவரும் வெளியே போய்ப் பேசி ஒரே முடிவாக வரச் சொன்னார்.

"நமக்கு வூட்ல தொந்தரவு இல்ல சுகுணா, மண்டிலதான்" என்றார் இவர் வராந்தாவில். "இனிமே தக்காளிக்கு நீ போ. நான் மாட்டோட இருந்துக்கறேன்."

டாக்டர் ஒப்புக்கொண்டார். இன்னொரு தடவை குடித்தால் மறுபேச்சில்லாமல் சேர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலமும் அடுத்த நாளும் வெள்ளச்சி ஆடாமல் நின்றாள். பழைய வாடையா, புதுசா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலை மண்டிக்குக் கிளம்ப வண்டியில் தக்காளி கிரேட்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். கொட்டகையில் வாளி உருளும் சத்தமும், இடுப்பு போச்சே என்று இவர் முனகுவதும் கேட்டது. சந்தோஷம் தாங்காமல் கையிலிருந்த கிரேட்டைக் கீழே போட்டுவிட்டேன்.